கல்லாப்பெட்டியும் தாய்சேய் நலமும்

பண்டிகைக் காலம் நெருங்கும்போதெல்லாம் நமது சங்கங்கள் சிலவற்றிலிருந்து ஒரு கேள்வி எழுவது வழக்கமாகிவிட்டது. விற்பனை நிலையத்தில் கூட்டம் மிகும் அந்நாட்களில், அருகிலுள்ள அரசினர் ஆஸ்பத்திரியின் தாய்சேய் நலப் பிரிவுக்கென்று ஓர் உண்டியல் வைக்கலாமா? அல்லது விற்கும் சேலை ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று ஒதுக்கி, அதனைப் பலகையில் எழுதி வாயிலில் மாட்டலாமா? கேட்பவர்கள் நல்லெண்ணத்துடனேயே கேட்கிறார்கள். 'வைக்கலாம்' என்று ஒரே சொல்லில் விடையிறுத்துவிடுவதும் எளிது. ஆயினும் அவ்வாறு சொல்ல நமக்கு மனம் இசையவில்லை. அதன் காரணத்தைச் சற்று விரித்துரைக்க அன்பர்கள் இடந்தர வேண்டுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நெசவாளர் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிட நேர்ந்தது. எந்தச் சங்கம் என்பது இங்கு வேண்டுவதில்லை. கடை துப்புரவாயிருந்தது. சரக்கு, இருப்புப் புத்தகத்தோடு ஒத்திருந்தது. கல்லாவின் பக்கத்தில் ஒரு தகரப்பெட்டி. அதன்மேல் குழந்தையை ஏந்திய தாயின் படம். சேலை வாங்கியவர்கள் மீதிச் சில்லறையை அதில் இட்டுச் சென்றனர். வயது முதிர்ந்த மாதொருத்தி நாணயத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இட்டதையும் கண்டோம். பெட்டி மாதந்தோறும் திறக்கப்பட்டிருக்கிறது, தொகை எண்ணப்பட்டிருக்கிறது, பிசகின்றி வங்கியிலும் செலுத்தப்பட்டிருக்கிறது. ஒரு காசும் களவு போகவில்லை.

ஆனால் அத்தொகை எத்தலைப்பில் வரவு வைக்கப்பட்டது என்று பேரேட்டைப் புரட்டியபோதுதான் செய்தி வெளிப்பட்டது. 'பலவகை வரவு' என்ற தலைப்பில், பழைய சாக்கு விற்ற பணத்துக்கும் கழிவு நூல் விற்ற பணத்துக்கும் நடுவே அது அமர்ந்திருந்தது. பலவகை வரவு லாபநஷ்டக் கணக்குக்குச் சென்றது. அங்கே நிகர லாபத்தோடு கலந்தது. நிகர லாபத்திலிருந்து அங்கத்தினர்க்குப் பங்கு ஈவு வழங்கப்பட்டது. ஆஸ்பத்திரிக்கு இரண்டாண்டுகளாக ஒன்றும் போகவில்லை. நாம் எடுத்துக்காட்டியவுடன் காரியதரிசியின் முகம் வாடிவிட்டது. 'களவென்று எண்ணிவிடாதீர்கள் ஐயா, எந்தத் தலைப்பில் எழுதுவதென்று எங்களுக்குத் தெரியவில்லை' என்றார். அவர் சொன்னது முற்றிலும் மெய். பிள்ளைபெற்ற பெண்களுக்கென்று கண்ணில் ஒற்றி இட்ட காசு, பங்கு ஈவாக மாறி அங்கத்தினர் பைகளில் போய்ச் சேர்ந்தது. அதில் திருடர் என்று எவரும் இல்லை. அதுவே நம்மை அதிகம் வருத்தியது.

கடையின் வழியே தருமம் செய்வது மேனாட்டார் வந்து நமக்குக் கற்பித்த பாடமன்று. தென்மாவட்டத்து வணிக ஊர்களில் 'மகமை' என்ற ஏற்பாடு நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று வணிகர்கள் தம் கொள்முதலிலும் விற்பனையிலும் ஒரு சிறு கூற்றை எடுத்துப் பொது நிதியில் சேர்ப்பர். கோயில், கிணறு, சத்திரம், பிற்காலத்தில் பள்ளிக்கூடம் ஆகியன அந்நிதியால் நடந்தன. விருதுநகரில் 1885-இல் தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலை இவ்வகைப் பொது நிதியால் வளர்ந்தது. வீட்டுப் பெண்கள் உலையில் இடுமுன் நாள்தோறும் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துப் பள்ளிக்கு அளித்த 'பிடியரிசி' முறையும் அதற்குத் துணை நின்றது. பின்னாளில் சென்னை மாகாணத்தின் முதல்வராக விளங்கிய காமராசர் பயின்றது அப்பள்ளியில்தான். உழவர்களைக் கேட்டால் களத்துமேட்டுக் கதையைச் சொல்வார்கள்; நெல் வீடு சேருமுன்னரே ஊர்ப் பணிக்காரர்க்கும் பொதுக் காரியத்துக்கும் உரிய மரக்கால்கள் களத்திலேயே அளந்து தரப்பட்ட காலம் ஒன்று இருந்தது.

மகமையில் நாம் கருதத்தக்கது அதன் தொகையன்று, அதன் முறை. விகிதத்தை வணிகர்கள் கூடி முடிவு செய்தார்கள். கொடுக்கும் பொறுப்பு முதலில் வணிகருடையது. கணக்கு, கொடுத்தவர்கள் கூடும் சபைக்குக் கட்டுப்பட்டது. கடைக்கு வந்தவனைப் பார்த்து, 'நீ என்ன தருகிறாய்?' என்று எவரும் கேட்கவில்லை. அப்பணம் விலையில் ஏறி இறுதியில் வாங்குவோர் தலையில்தான் விழுந்திருக்கும் என்று வாதிப்பாரும் உண்டு. ஓரளவு அது சரியாகவும் இருக்கலாம். ஆயினும் அடுத்த கடையோடு போட்டியிட்டு விற்பவன் விலையை நினைத்தபடி ஏற்றிவிட இயலாது; ஒரு பகுதியேனும் அவன் ஆதாயத்திலிருந்தே போயிருக்கும். மற்றொரு குறையும் உண்டு: மகமை பெரும்பாலும் ஒரு சமூகத்தார் தமக்குள் அமைத்துக்கொண்ட ஏற்பாடு. கூட்டுறவுச் சங்கத்தின் கதவோ எல்லார்க்கும் திறந்தது. ஆகையால் மகமையை அப்படியே பெயர்த்து நடுவதற்கில்லை. அதன் முதல் விதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். முதலில் கடை தரவேண்டும். பிறகே வாங்குவோரிடம் கேட்கலாம்.

இவ்விதி கூட்டுறவுக்கும் புதியதன்று. 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், இங்கிலாந்தில் ராச்டேல் நகரின் டோட் லேன் தெருவில் 28 பேர் கூடி ஒரு சிறு பண்டகசாலையைத் திறந்தார்கள். அவர்களுள் பலர் கம்பளித் துணி நெய்த நெசவாளர்கள். கையிலிருந்த முதல் 28 பவுன். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் மெழுகுவத்தியும் விற்றார்கள். ஆதாயத்தை, வாங்கிய அளவுக்கு ஏற்ப வாங்கியவர்க்கே பங்கிட்டார்கள். சில ஆண்டுகளில் உபரியில் நூற்றுக்கு இரண்டரையைக் கல்விக்கென ஒதுக்குவதைத் தம் விதியாகவே செய்துகொண்டார்கள். விருப்பமானவர் இடலாம் என்று பெட்டி வைக்கவில்லை; பங்கீட்டுக்கு முன்னரே ஒதுக்கிவிட்டார்கள். (அதே 1844-இல்தான் சென்னையில் அரசினர் பிரசவ ஆஸ்பத்திரி தொடங்கப் பெற்றது. எழும்பூர் மகப்பேறு ஆஸ்பத்திரி என்று இன்று நாம் அறிவது அதன் வழிவந்ததே. ஒன்றுக்கொன்று தொடர்பில்லை எனினும், இரண்டும் ஓராண்டுப் பிள்ளைகள் என்று எண்ணிப் பார்க்க நமக்கு உவப்பாயிருக்கிறது.)

நம் நாட்டுச் சட்டமும் அவ்வழியே நின்றது. 1912-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, நிகர லாபத்தில் நாலில் ஒரு பங்கு காப்பு நிதிக்குச் சென்ற பின், எஞ்சியதில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாமல், பதிவாளரின் அனுமதி பெற்று, தருமப் பணிக்கு வழங்கலாம் என்று வகுத்தது. தருமம் எது என்பதற்கு 1890-ஆம் ஆண்டின் அறக்கொடைச் சட்டத்தைக் காட்டியது. ஏழைகளின் துயர் துடைப்பும் கல்வியும் வைத்திய உதவியும் அங்கே பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு லட்சம் ரூபாய் நிகர லாபம் கண்ட சங்கம் என்றால் 25,000 காப்பு நிதிக்கு. எஞ்சிய 75,000-இல் பத்தில் ஒரு பங்கு 7,500. பெருந்தொகையன்று, ஆனால் சங்கத்தின் சொந்தத் தொகை. தமிழ்நாட்டின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழும் லாபப் பங்கீட்டில் பொது நல நிதிக்கு இடமிருக்கிறது. அந்நிதி பல சங்கங்களில் ஐந்தொகையின் ஒரு வரியாக, ஆண்டுக்காண்டு அசையாமல் கிடப்பதை நாம் கண்டிருக்கிறோம். நிதி ஒருபுறம் உறங்க, மறுபுறம் கல்லாவில் தகரப்பெட்டி வாய் திறந்து நிற்பது பொருந்தாக் காட்சி.

தாய்சேய் நலத்துக்கும் கூட்டுறவுக் கடைக்கும் உள்ள உறவை நினைக்கும்போது, மற்றொரு வரலாற்றையும் கூறாமல் செல்வதற்கில்லை. 1883-இல் இங்கிலாந்தில் மகளிர் கூட்டுறவுக் கழகம் தோன்றியது. கூடையேந்திப் பண்டகசாலைக்கு வந்து போன குடும்பப் பெண்களே அதன் அங்கத்தினர்கள். மார்கரெட் லூவெலின் டேவிஸ் என்னும் அம்மையார் 1889 முதல் 1921 வரை அதன் பொதுக் காரியதரிசியாயிருந்தார். பிள்ளைப்பேற்றின்போது நீங்கள் பட்டது என்ன என்று கழகம் தன் அங்கத்தினர்களைக் கேட்டது. எழுதப் பழகாத கைகளிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. அவற்றுள் 160 கடிதங்கள் 1915-இல் நூலாக வெளிவந்தன. வலி எடுக்கும் நாள்வரை துணி வெளுத்தவர்கள், பெற்ற சில நாட்களில் எழுந்து அடுப்படிக்குச் சென்றவர்கள், கணவனுக்கும் குழந்தைகளுக்கும் போட்டுவிட்டுத் தாம் அரைவயிற்றோடு நின்றவர்கள், பெற்ற பிள்ளைகளுள் பலரைப் பறிகொடுத்தவர்கள் ஆகியோரின் வாக்குமூலம் அது. தொழில் செய்து நாட்டுக்குத் துணி உடுத்திய ஒரு தேசத்தின் பெண்கள் அவர்கள் என்பதை நமது நெசவாளர் நினைவிற் கொள்ளல் தகும்.

அக்கழகம் எவரிடமும் உண்டியல் குலுக்கவில்லை. 1911-ஆம் ஆண்டுத் தேசிய இன்ஷியூரன்ஸ் சட்டத்தில் பிரசவ உதவியாக 30 ஷில்லிங் சேர்க்கப்பட வேண்டுமென்று போராடி வென்றது. இன்ஷியூர் செய்தவன் கணவனாயிருந்தால் அப்பணம் அவனுடைய உரிமையாகவே முதலில் கருதப்பட்டது. அது தாயின் கையில் சேர வேண்டும் என்று கழகத்தார் மீண்டும் வாதாடினார்கள்; 1913-இல் சட்டம் திருத்தப்பட்டு, உதவித்தொகை தாயின் சொந்தமாயிற்று. 1918-இல் தாய்சேய் நலச் சட்டமும் அங்கே வந்தது. கடைக்கு வந்த பெண்களை வெறும் வாடிக்கையாளராகக் கருதாமல், தம் தேவையைத் தாமே சொல்ல வல்லவர்களாகக் கருதியதனால் விளைந்த பயன் இது. நமது விற்பனை நிலையங்களுக்கு வரும் பெண்களையும், தறிக்குப் பக்கத்தில் அமர்ந்து தார் சுற்றும் பெண்களையும் இவ்வாறு ஒருவரேனும் கேட்டதுண்டோ என்று அறியோம்.

இக்காலத்து அமெரிக்காவின் வழி வேறு. அங்கே 1983-இல் 'சில்ரன்ஸ் மிராக்கிள் நெட்வொர்க்' என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள ஏறத்தாழ 170 குழந்தை ஆஸ்பத்திரிகளுக்காக அது பணம் திரட்டுகிறது. வால்மார்ட் முதலிய பெருங்கடைகள் அதற்குத் துணை. கல்லாவில் அமர்ந்திருப்பவர் ஒவ்வொரு வாடிக்கையாளரையும், ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்காக ஒரு டாலர் தருகிறீர்களா, அல்லது பில் தொகையை முழு டாலராக்கிக்கொள்ளலாமா என்று கேட்பார். இசைந்தவர் பெயரைக் காகிதப் பலூன் ஒன்றில் எழுதிச் சுவரில் ஒட்டுவர். இவ்வாறு கல்லாக்களில் பல அமைப்புகளுக்காகத் திரண்ட தொகை 2022-இல் மட்டும் 70 கோடி டாலருக்கு மேல். சொட்டுச் சொட்டாய் விழுந்து இவ்வளவு பெரிய ஏரி நிரம்பியது என்றால் வியப்பேயாகும். திரட்டிய ஊரின் பணம் அவ்வூர்ப் பகுதி ஆஸ்பத்திரிக்கே போகிறது என்பது அதன் சிறந்த பண்பு. அதனை நாமும் கைக்கொள்ளலாம்.

ஆனால் அம்முறையில் நமக்கு ஒப்பாதனவும் உள. பின்னால் வரிசை நிற்க, பெயர் அறியாத ஒருவர் கேட்க, 'இல்லை' என்று சொல்ல நாணிக் கொடுப்பது மனமுவந்த கொடையாகாது. ஒவ்வொருவரையும் கேட்டாக வேண்டிய கடமை, கடையில் மிகக் குறைந்த ஊதியம் பெறும் ஊழியர்மேல் விழுகிறது. பணம் வாடிக்கையாளருடையது; நற்பெயர் கடையினுடையது. வாடிக்கையாளர் தந்ததைத் தன் கொடையாகக் காட்டி வரிக்கழிவு பெற அந்நாட்டுச் சட்டம் கடைக்கு இடந்தரவில்லை என்பது மெய்யே. எனினும் சுவரில் பெரிதாக எழுதப்படும் மொத்தத் தொகையைக் காண்போர், அதில் கடையின் பங்கு எவ்வளவு, தம் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவதில்லை. முதலாளியின் கடை அவ்வாறு செய்யின் அது அவருடைய வியாபார முறை. வாங்குபவரே உடைமையாளராயிருக்க வேண்டிய கூட்டுறவுக் கடை அதனைப் பின்பற்றலாமா?

இங்கே ஒரு நடைமுறைச் செய்தியையும் குறிக்க வேண்டும். கைப்பேசியால் சதுரக் குறியீட்டைப் படம்பிடித்துக் காசு செலுத்தும் வழக்கம் குக்கிராமக் கடைவரை வந்துவிட்டது. மீதிச் சில்லறை என்பதே அருகி வருகிறது. உண்டியலும் இளைக்கிறது. ஆகவே சில கடைகளில் நன்கொடையைப் பில்லிலேயே சேர்த்து அச்சிடும் யோசனை எழுந்திருக்கிறது. வேண்டாதவர் சொன்னால் நீக்கிவிடுவார்களாம். இதனை நாம் முற்றாக மறுக்கிறோம். கேளாமல் சேர்த்துவிட்டு, மறுத்தால் நீக்குவது தருமமன்று. விற்பனைச் சங்கங்களில் பருத்தியும் நிலக்கடலையும் மஞ்சளும் எடை போடும் இடத்தில் உழவரின் பட்டியலிலிருந்து 'தருமம்' என்று பிடித்துக்கொள்வதும் இதே குற்றத்தின்பாற்பட்டதே. மகாசபையில் தீர்மானம் நிறைவேறியிருந்தாலன்றி ஒரு ரூபாயும் பிடித்தல் ஆகாது.

இனி, பணம் எதற்கு என்ற கேள்வி. ஆஸ்பத்திரிக்கு என்றவுடன் நம்மவர்க்குக் கட்டடமும் பெயர்ப்பலகையும் நினைவுக்கு வருகின்றன. அதற்குக் காரணமும் இருக்கிறது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் தனித்தனியே வந்து, பிரசவ வேதனையிலிருக்கும் தம் மனைவியரைக் காக்கப் பெண் வைத்தியர் வேண்டுமென்று மன்றாடியதையும், விடிவதற்குள் அம்மூவரும் மாண்டதையும் கண்டு, ஐடா ஸ்கட்டர் அம்மையார் வைத்தியம் கற்கத் துணிந்த கதை பலர் அறிந்ததே. அவருக்கு நியூயார்க் வங்கியாளர் ஒருவர் தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் தந்தார். வேலூரில் 1902-இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி எழுந்தது. கட்டடமே இல்லாத காலத்தில் கட்டடம் தருவது உயிர் தருவதாகும். இன்றைய தமிழ்நாட்டின் நிலை அதுவன்று. 2019–21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இங்கே நூறு பிரசவங்களில் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் ஆஸ்பத்திரிகளிலேயே நிகழ்கின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் அரசு வழங்கிவரும் மகப்பேறு உதவி, 2006-இல் 6,000 ரூபாயாயிருந்து, படிப்படியே 18,000 ரூபாயாக உயர்ந்தது. படுக்கையும் மருந்தும் அரசின் கடமை. அதனை அரசே செய்யட்டும், செய்யாவிடில் கேட்டுப் பெறுவோம். நமது சிறுதொகையைக் கொண்டுபோய் அரசின் பெருங்கடலில் கரைப்பானேன்?

சங்கத்துக்கு மட்டுமே கண்ணில் படக்கூடிய தேவை ஒன்று உண்டு. அது தறி நிற்கும் நாட்கள்.

கைத்தறி என்பது ஒருவர் தொழிலன்று, ஒரு வீட்டின் தொழில் என்பதை நமது வாசகர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கணவன் நெய்தால் மனைவி தார் சுற்றுகிறாள். பாவு ஓடவும் இழை பிணைக்கவும் அவள் கை வேண்டும். பல வீடுகளில் அவளே குழித்தறியில் இறங்கி நெய்கிறாள். நாலாவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி (2019–20), நாட்டின் கைத்தறித் தொழிலாளர் 35 லட்சத்துக்குச் சற்று மேற்பட்டவருள் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பெண்களே. எட்டாம் மாதத்தில் வயிற்றைச் சுமந்து குழிக்குள் இறங்கி மிதி மிதிப்பது எவ்வாறிருக்கும் என்பதை ஆண்மக்களாகிய நிர்வாகக் குழுவினர் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். அவள் எழுந்துவிட்டால் தாருக்கு ஆளில்லை. தாரில்லாவிட்டால் தறி நிற்கும். சேலை முடியாவிட்டால் கூலியில்லை. ஆலையிலும் அலுவலகத்திலும் ஊழியம் செய்யும் பெண்களுக்குச் சம்பளத்துடன் கூடிய மகப்பேற்று விடுப்பை 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் 26 வாரமாக நீட்டியது. வீட்டுத் தறியில் உருப்படிக் கூலிக்கு நெய்பவளுக்கு விடுப்புத் தர முதலாளி யார்? சங்கம் முதலாளியன்று என்பது சட்டத்தின்படி சரி. ஆனால் அவள் நெய்த சேலையை வாங்கி விற்று லாபம் காண்பது சங்கமேயன்றோ!

ஆகையால் நமது கருத்து இது. பொது நல நிதியிலிருந்து, பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தறியில் அமர இயலாத சில வாரங்களுக்கு, அங்கத்தினரான பெண்ணுக்கோ அங்கத்தினரின் மனைவிக்கோ ஒரு குறிப்பிட்ட தொகை அளிக்கப்பெற வேண்டும். அது அவள் பெயரிலுள்ள கணக்கிலேயே சேர வேண்டும். கணவனின் கூலிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாகாது. சங்கத்துக்குள்ள கடனுக்கு ஈடாகப் பிடித்துக்கொள்வது அறவே கூடாது. 1913-இல் ஆங்கில நாட்டுப் பெண்கள் வாதாடிப் பெற்றதை நாம் வாதாட விடாமலே தந்துவிடலாம். உழவர் சங்கங்களிலும் இதனைச் செய்யலாம். நாற்று நடவும் பருத்தி எடுக்கவும் குனிந்த இடுப்பு நிமிராத பெண்களுக்கு இவ்வோய்வு குறைவாகவா தேவை?

சங்கமே நஷ்டத்தில் நடக்கிறது, தள்ளுபடிப் பாக்கி வந்து சேரவில்லை, சரக்கு தேங்கிக் கிடக்கிறது, தருமத்துக்கு எங்கே போவது என்று கேட்பார் பலர். அவர்கள் நிலையை நாம் அறிவோம். அப்புத்தகங்களைப் புரட்டுவதே நமது வேலை. லாபமில்லாத சங்கம் தருமம் செய்யலாகாது. அங்கத்தினர் பங்குத்தொகையிலிருந்து கொடை கொடுப்பவன் பிறர் பொருளில் புகழ் தேடுபவனாவான். அத்தகைய சங்கம் உண்டியல் வைக்க விரும்பினால் வைக்கட்டும். ஆனால் 'எங்கள் சங்கம் வழங்கியது' என்று எழுதலாகாது. 'எங்கள் கடைக்கு வந்தவர்கள் வழங்கியது' என்று எழுத வேண்டும். சங்கம் அங்கே வெறும் பாதுகாவலர்.

பாதுகாவலர் செய்ய வேண்டியது அதிகமில்லை. உண்டியல் பணம் சங்கத்தின் வருமானமன்று. பிறர்க்குத் தரவேண்டிய பொறுப்பு. ஆகவே அது லாபநஷ்டக் கணக்கின் பக்கமே போகாமல், ஐந்தொகையின் பொறுப்புப் பகுதியில், 'தாய்சேய் நல வைப்பு' என்ற தனித் தலைப்பில் நிற்க வேண்டும். பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி காரியதரிசியிடம், மற்றொன்று நெசவாளப் பெண் ஒருவரிடம். எண்ணிய தொகையை அன்றே கடைப் பலகையில் எழுத வேண்டும். அரசினர் ஆஸ்பத்திரிகளில் நோயாளர் நலச் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றின் வழியே செலுத்தி, ரசீதையும் பலகையில் ஒட்ட வேண்டும். படம் பிடிக்கும் விழா தேவையில்லை. அவ்விழாவுக்கான பந்தல் செலவும் சோடாச் செலவும் கொடைத் தொகையை எட்டிப் பிடித்த வவுச்சர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

முன்னர்க் கூறிய சங்கத்தில் பின்பு நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். இரண்டாண்டுத் தொகையும் கணக்கிடப்பட்டு, அடுத்த ஆண்டு லாபத்தில் பங்கு ஈவுக்கு முன் தனியே எடுத்து வைக்கப்பட்டது. மகாசபையில் சிலர் முணுமுணுத்தார்கள். காரியதரிசியே எழுந்து தம் தவற்றைச் சொன்னபின் அடங்கினார்கள். அத்தொகையோடு பொது நல நிதியிலிருந்தும் ஓரளவு சேர்த்தனர். பெயர்ப்பலகையோடு ஒரு நாற்காலி வரிசை வாங்கித் தரலாம் என்பது நிர்வாகக் குழுவின் எண்ணம். குழுவிலிருந்த ஒரே பெண், எதற்கும் அங்கே போய்க் கேட்டு வருவோம் என்றார். போனார்கள். பிரசவ வார்டின் தலைமைச் செவிலியர் நாற்காலி வேண்டாமென்றார். இரவில் உடன் தங்கும் தாயாரும் மாமியாரும் வராந்தாவின் வெறுந்தரையில் படுத்துக் கிடக்கிறார்கள். அவர்களுக்குப் பாய் வேண்டும், நள்ளிரவிலும் கிடைக்கும்படி வெந்நீருக்கு ஒரு கொதிகலன் வேண்டும் என்றார். பாய்களைப் பக்கத்து ஊரிலேயே வாங்கினார்கள். கொதிகலனும் வந்தது.

தறி நிற்கும் நாட்களுக்கான உதவித் தீர்மானத்தை அவர்கள் இன்னும் நிறைவேற்றவில்லை. எத்தனை வாரம் என்பதில் கருத்து வேறுபாடு. ஆண்கள் நான்கு வாரம் போதும் என்கிறார்கள். பெண்கள் பன்னிரண்டு கேட்கிறார்கள். அடுத்த மகாசபையின் நிகழ்ச்சி நிரலில் அது மூன்றாவது விஷயமாக இடம்பெற்றிருக்கிறது.